வாசகர் கேள்வி-பதில்: ஆங்கிலத் துறையின் எழுத்து விழா

கே: எங்கள் ஆங்கிலத் துறையில் மாணவர்களின் கவிதை, கதைகளோடு ஆசிரியர்களின் ஆய்வையும் சேர்த்து விழா எடுக்கிறோம். போன வருஷம் வரவேற்புரை, வாழ்த்துரை, சால்வை என்றே பொழுது போய்விட்டது. 15 மாணவர்களில் ஆறு பேர்தான் வாசித்தார்கள். இந்த முறை என்ன செய்யலாம்?
- உதவிப் பேராசிரியர், திண்டுக்கல்

ப: முதலில் வாசிப்புக்கு நேரம் ஒதுக்குங்கள், மிச்சம் இருந்தால் வாழ்த்துரை. மேடையில் நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்குச் சுமார் 120 ஆங்கிலச் சொற்கள் போகும். ஐந்து நிமிடத்துக்கு 600 சொல். ஆள் மாறி மைக் சரிசெய்ய இரண்டு நிமிடம். ஆக, 15 பேருக்கு 105 நிமிடம். 1,000 சொல் கதையைக் கொண்டுவருபவரிடம் அதில் ஒரு காட்சியை மட்டும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஓட்டமாக ஓடி முடிப்பார், ஒருவருக்கும் விளங்காது. சிறப்பு விருந்தினர் தாமதமானால் காத்திருக்காதீர்கள். குத்துவிளக்கை அவர் வந்தபிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

வாசிக்கும் தாளிலும் கவனம் வேண்டும். 14 புள்ளி அளவு எழுத்து, இரட்டை இடைவெளி, ஒரு பக்க அச்சு. தாள்களை ஸ்டேப்ளர் பின் போட்டு இணைக்காதீர்கள், புரட்டும் சத்தம் மைக்கில் இடிபோலக் கேட்கும். வாக்கியம் பக்கத்தின் கடைசியில் முடியட்டும், பாதியில் தாள் மாற வேண்டாம். செல்போனைப் பார்த்து வாசிப்பவர் தலை குனிந்தே இருப்பார், குரல் மைக்குக்கு வராது.

படைப்புகளைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரை எடுத்துவிட்டு எண் போடுங்கள். இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்கட்டும். கருத்து மாறினால் மட்டும் மூன்றாமவர். அந்தப் படைப்பைத் திருத்திக் கொடுத்த ஆசிரியர் தேர்வில் உட்காரக் கூடாது.

ஆசிரியர் ஆய்வுதான் பெரும்பாலும் சொதப்பும் இடம். “இத்தனை கட்டுரை, இத்தனை கருத்தரங்கு” என்று பட்டியல் வாசித்தால் கடைசி வரிசை கேன்டீனுக்குப் போய்விடும். பத்து நிமிடம் கொடுத்து, ஒரே ஒரு கேள்வியை மட்டும் பேசச் சொல்லுங்கள்: எந்த வரி அவரை உறுத்தியது, அதிலிருந்து வாதம் எப்படிக் கிளைத்தது? பக்கத்து மேசையில் கட்டுரையின் முதல் வரைவு, மதிப்பீட்டாளரின் குறிப்பு (பெயர் தெரியாமல்), அச்சான பக்கம் மூன்றையும் அடுத்தடுத்து விரித்து வையுங்கள். பேராசிரியரின் வரைவிலும் சிவப்பு மை ஓடுகிறது என்பதை இரண்டாம் ஆண்டு மாணவர் நேரில் பார்க்க வேண்டும். மேசையில் சான்றிதழை வைத்தால் யாரும் குனிந்து படிப்பதில்லை.

கே: துறை இதழுக்கு ஐஎஸ்எஸ்என் வாங்கினால் தரம் கூடுமா?
- ஆய்வு மாணவி, திருச்சி

ப: கூடாது. அது எட்டு இலக்க அடையாள எண், அவ்வளவுதான். தொடர்ந்து வரும் இதழுக்கு மட்டுமே உரியது. ஒருமுறை மட்டும் வரும் தொகுப்புக்கு, புத்தகங்களுக்கான எண்ணான ஐஎஸ்பிஎன். இந்தியாவில் இரண்டுக்கும் கட்டணம் இல்லை. முன்னதை மத்திய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரின் கீழுள்ள என்.ஐ.எஸ்.சி.பி.ஆர் நிறுவனமும் பின்னதை ராஜா ராம்மோகன் ராய் முகமையும் தருகின்றன. “வாங்கித் தருகிறோம்” என்று காசு கேட்பவரை நம்ப வேண்டாம். அச்சுக்கும் இணையத்துக்கும் தனித்தனி எண் வேண்டும். இதழின் பெயரை அடியோடு மாற்றினாலும் புது எண். தரமான ஆய்விதழ்கள் எவை என்று சொன்ன யுஜிசி கேர் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டுவிட்டதால், தரத்தைத் துறையே உட்கார்ந்து படித்துத்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

கே: துறை மலரில் வந்த என் கவிதையை வேறு இதழுக்கு அனுப்பலாமா?
- இளங்கலை மாணவர், நாகர்கோவில்

ப: உரிமை உங்களுடையதுதான். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் அது கை மாறும். ஆனால் பல இதழ்கள் கல்லூரி மலரில் வந்ததையும் ‘ஏற்கெனவே வெளியானது’ என்றே கணக்கிடும். அனுப்பும் கடிதத்தில் மலரின் பெயர், ஆண்டு இரண்டையும் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.