பெட்டகமே களவு போன பிறகு

கேள்வி: என் பாஸ்வேர்டுகள் எல்லாமே ஒரு பாஸ்வேர்டு மேனேஜரில்தான், அதாவது எல்லாவற்றையும் ஒரே பெட்டகத்தில் பூட்டி வைக்கும் மென்பொருளில்தான் இருக்கின்றன. அப்படியொரு மேனேஜரை நடத்தும் லாஸ்ட்பாஸ் என்ற கம்பெனியில் பெட்டகத்தையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்கிறார் என் மருமகன். பேசாமல் பழையபடி நோட்டில் எழுதி வைத்துவிடலாமா? இவர்களை எப்படி நம்புவது?

பதில்: நோட்டு ஒன்றும் கேவலமில்லை. பீரோவுக்குள் இருக்கும் நோட்டைக் கடல் கடந்து யாரும் திருட முடியாது. ஆனால் நோட்டைப் பார்த்து 20 எழுத்தை ஒவ்வொன்றாகத் தட்டுவதற்கு அலுத்துப்போய், எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்டை வைத்துவிடுவோம். எங்கோ ஒரு செருப்புக் கடையின் தளத்தில் கசிவது, அப்புறம் ஜிமெயிலையும் திறக்கும். அதனால் மேனேஜரை விட வேண்டாம். எந்த மேனேஜர் என்பதுதான் கேள்வி.

மருமகன் சொன்னது உண்மைதான். நடந்தது 2022-இல். ஆகஸ்ட் 25 அன்று, ஒரு டெவலப்பரின் கணக்கு வழியாக யாரோ புகுந்து மூலநிரலில் (மென்பொருளை எழுதிய நிரலில்) ஒரு பகுதியை எடுத்துவிட்டதாகவும், வாடிக்கையாளர் தகவலுக்கு ஆபத்து நேர்ந்ததாகத் தெரியவில்லை என்றும் கம்பெனி சொன்னது. நவம்பர் 30 அன்று, வாடிக்கையாளர் தகவலில் 'சில' போயிருக்கின்றன என்றது. டிசம்பர் 22 அன்று, அதாவது அமெரிக்காவே கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மூட்டை கட்டிய நேரத்தில், பெட்டகங்களின் பேக்கப்பே நகலெடுக்கப்பட்டுவிட்டது என்று வந்தது. முழுக்கதை வெளிவர 2023 மார்ச் ஆனது. தேதியை அவர்கள் திட்டமிட்டுத்தான் வைத்தார்களா என்று நான் சொல்லப்போவதில்லை.

எப்படிப் போனது? கிளவுடில் இருந்த பேக்கப்பைத் திறக்கும் சாவிகள் கம்பெனியில் 4 பொறியாளர்களுக்கு மட்டும் எட்டும். அதில் ஒருவரின் வீட்டுக் கணினியில் ப்ளெக்ஸ் என்ற வீடியோ மென்பொருள் இருந்தது. அதிலிருந்த ஓட்டையை ப்ளெக்ஸ் 2020 மே மாதமே அடைத்து அப்டேட் விட்டாயிற்று. இவர் போடவில்லை. இடையில் ஏறத்தாழ 75 பதிப்புகள் வந்து போயிருந்தன. திருடன் அந்த ஓட்டை வழியாக நுழைந்து, தட்டுகிற எழுத்தையெல்லாம் பதிவு செய்யும் கீலாகரைப் போட்டான். பொறியாளர் ஓடிபி எல்லாம் கொடுத்து முடித்து, தன் பெட்டகத்தையே திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டைத் தட்டினார், அது அவனுக்குப் போய்ச் சேர்ந்தது, அதன் வழியாக உள்ளே இருந்த அந்தச் சாவிகளும். பல்லாயிரம் கம்பெனிகளின் பாஸ்வேர்டைக் காக்கிற சாவி, வீட்டில் படம் பார்க்கிற கணினியில் ஏன் புழங்கியது? அதை அனுமதித்தது அந்தப் பொறியாளர் மட்டுமல்ல.

ஒரு ஊழியர் சறுக்குவது எங்கும் நடக்கும். நான் மன்னிக்காதது வேறு இரண்டு முடிவுகளை.

முதலாவது, பெட்டகத்துக்குள் பாஸ்வேர்டும் யூசர்நேமும் குறிப்புகளும் பூட்டப்பட்டிருந்தன, இணைய முகவரிகள் பூட்டப்படவில்லை. எந்த வங்கி, எந்த மருத்துவமனை, எந்த கிரிப்டோ சந்தை என்பதெல்லாம் பளிச்சென்று தெரியும். கூடவே பெயர், இமெயில், போன் நம்பர். ஆகவே திருடன் லட்சக்கணக்கான பெட்டகங்களில் கண்ணை மூடிக்கொண்டு கை வைக்க வேண்டியதில்லை. பணம் உள்ளதைப் பொறுக்கி எடுத்து அதை மட்டும் உடைக்க உட்காரலாம்.

இரண்டாவது இன்னும் மோசம். மாஸ்டர் பாஸ்வேர்டை அப்படியே சாவியாக வைப்பதில்லை. ஒரு கணிதச் சூத்திரத்தை அதன்மேல் திரும்பத் திரும்ப ஓட்டிச் சாவி தயாரிப்பார்கள். அந்தச் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு இட்டரேஷன் என்று பெயர். சுற்று கூடக் கூட, ஒவ்வொரு யூகத்துக்கும் திருடனின் கணினி அதிக நேரம் திணறும். 2018-க்குப் பிறகு லாஸ்ட்பாஸில் சேர்ந்தவர்களுக்கு அப்போது 1,00,100 சுற்று. பழைய கணக்குகளில் பலவற்றை அப்படியே விட்டுவிட்டார்கள்: 5,000, 500, சிலருக்கு வெறும் 1. 5,000 என்றால் உடைக்கும் செலவு இருபதில் ஒரு பங்கு. 1 என்றால் பூட்டே இல்லாத மாதிரி. மாஸ்டர் பாஸ்வேர்டில் 12 எழுத்தாவது வேண்டும் என்ற கட்டாயமும் அப்போது புதியவர்களுக்குத்தான், பழைய ஆட்களின் 8 எழுத்தைத் தொடவில்லை. நீண்ட நாள் விசுவாசமாக இருந்தவருக்குத்தான் பலவீனமான பூட்டு!

இவ்வளவையும் வைத்துக்கொண்டு டிசம்பர் அறிவிப்பில், எங்கள் இயல்பு அமைப்பில் (கம்பெனியே வைத்துத் தரும் செட்டிங்ஸில்) இருந்தால் யூகிக்கப் பல லட்சம் ஆண்டு ஆகும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்றார்கள். 'இருந்தால்' என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. 2024 ஜனவரியில் ஒருவரிடமிருந்து சுமார் 15 கோடி டாலர் கிரிப்டோ திருடப்பட்டது. அதை 2022-இல் களவு போன ஒரு பாஸ்வேர்டு மேனேஜரோடு தொடர்புபடுத்தி, கம்பெனியின் பெயரைச் சொல்லாமலேயே, அமெரிக்க விசாரணை அதிகாரிகள் 2025-இல் நீதிமன்றத்தில் எழுதினார்கள்.

அந்தக் காலத்தில் லாஸ்ட்பாஸ் வைத்திருந்தவர்கள் பலர் மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு நிம்மதியாகிவிட்டார்கள். வாசல் பூட்டை மாற்றினால், ஏற்கெனவே தூக்கிப்போன பெட்டியின் பூட்டும் மாறிவிடுமா? திருடன் கையிலிருக்கும் நகல் பழைய மாஸ்டர் பாஸ்வேர்டுக்குத்தான் திறக்கும், என்றைக்கும். ஓடிபியும் உதவாது. அதைக் கேட்பது கம்பெனியின் சர்வர், அவன் வைத்திருப்பதோ வெறும் கோப்பு. மாற்ற வேண்டியது உள்ளே இருந்த ஒவ்வொரு பாஸ்வேர்டையும். முதலில் இமெயில், ஏனென்றால் மற்ற எல்லாவற்றின் ரீசெட்டும் அங்கேதான் வரும். அடுத்து வங்கி, பங்கு வர்த்தகக் கணக்கு. பிறகு மற்றவை. கிரிப்டோ வாலட்டை (பணப்பையை) மீட்கத் தரப்படும் 12 அல்லது 24 ரகசியச் சொற்களை அதில் எழுதி வைத்திருந்தால் அவற்றை மாற்ற வழியில்லை. புது வாலட் உண்டாக்கிப் பணத்தை அங்கே நகர்த்த வேண்டும். குறிப்புகளில் போட்ட ஆதார், பான் எண்களை மாற்ற முடியாது, இனி அங்கே போடாமல் இருக்கலாம்.

இப்போது நீங்கள் வைத்திருக்கும் மேனேஜருக்கு வருவோம். செட்டிங்ஸில் இட்டரேஷன் எண்ணைத் தேடுங்கள். லாஸ்ட்பாஸில் அட்வான்ஸ்டு பகுதியிலும், பிட்வார்டன் என்ற மேனேஜரில் செக்யூரிட்டிக்குள் கீஸ் என்ற இடத்திலும் இருக்கும். 6,00,000-க்குக் குறைவாக இருந்தால் கூட்டுங்கள். ஒன்பாஸ்வேர்டு என்ற இன்னொரு மேனேஜரில் கதை வேறு: உங்கள் கருவியிலேயே உருவாகும் ஒரு ரகசியச் சாவியும் மாஸ்டர் பாஸ்வேர்டும் சேர்ந்தால்தான் திறக்கும், அந்தச் சாவி சர்வருக்குப் போவதே இல்லை. சர்வரை முழுசாக அள்ளிப் போனாலும் பாஸ்வேர்டை யூகித்து மட்டும் திறக்க முடியாது. இந்த வடிவமைப்புக்கு நான் அதிக மார்க் போடுவேன். கீபாஸ் என்ற மேனேஜர் என்றால் பெட்டகக் கோப்பு உங்களிடமே இருக்கும், பேக்கப் எடுக்கும் பொறுப்பும் உங்களுடையதே.

மாஸ்டர் பாஸ்வேர்டைத் தாயக்கட்டை போல உருட்டித் தேர்ந்த 6 சொற்களாக வையுங்கள். 7,776 சொற்கள் கொண்ட பட்டியல்கள் இதற்கென்றே கிடைக்கின்றன. ஆறு முகப் பகடையை 5 முறை உருட்டினால் ஒரு சொல். நீங்களாக யோசித்த சொற்கள் வேண்டாம், சினிமாப் பாட்டு வரியை ஆங்கில எழுத்தில் அடிப்பது அறவே வேண்டாம்.

கம்பெனி மாறுவதென்றால், எக்ஸ்போர்ட் செய்யும்போது இறங்கும் சிஎஸ்வி கோப்பில் எல்லா பாஸ்வேர்டும் பூட்டில்லாமல் வெறும் எழுத்தாக இருக்கும். புதியதில் ஏற்றியதும் டவுன்லோட்ஸிலிருந்தும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழித்துவிடுங்கள். டவுன்லோட்ஸ் போல்டர் தானாகக் கூகுள் டிரைவுக்கோ ஒன்டிரைவுக்கோ போகும்படி வைத்திருந்தால், எக்ஸ்போர்ட் செய்யும் முன்பே அதை நிறுத்துங்கள்.