திருட்டுப் பொருளென்று தெரியாமல் வாங்கிய அரசியின் கடிதங்கள் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: நான் லண்டன் ஹாரோவில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணக்காளர். எலிசபெத் அரசி 1954இல் இலங்கைக்கு வந்தபோது என் தகப்பனார் வாங்கிவைத்த கோப்பையிலிருந்து தொடங்கி, பிரித்தானிய அரச குடும்பத்து நினைவுப் பொருள்களை வாழ்நாள் முழுவதும் சேர்த்து வருகிறேன். 2016இல் ஒரு பழம்பொருள் சந்தையில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி மேரி அரசி 1930களில் தம் பணிப்பெண்ணுக்கு எழுதிய 41 கடிதங்களையும் அரண்மனைச் சமையலறைப் பேரேடு ஒன்றையும் சேர்த்து 1,800 பவுண்டுக்கு வாங்கினேன். அண்மையில் ஏலத்துக்குக் கொடுத்தபோது 12,000 பவுண்டு என்று மதிப்பிட்டார்கள். ஏலப் பட்டியலைப் பார்த்த அந்தப் பணிப்பெண்ணின் பேத்தி, கடிதங்கள் 1994இல் தம் வீட்டில் திருட்டுப் போனவை என்று வழக்கறிஞர் மூலம் எழுதவே, ஏல நிறுவனம் எல்லாவற்றையும் நிறுத்திவைத்து, என்னைத் திருடனைப் போல் நடத்தியது. இத்தனை ஆண்டுகள் தேடாதவருக்கு இப்போது என்ன உரிமை? பகிரங்கமான சந்தையில் காசு கொடுத்து வாங்கியவன் நான். கடிதங்களை இணையத்தில் வெளியிட்டுவிட்டு, நியூயார்க்கில் விற்றுவிடலாமா?

பதில்: ஐயா, உங்கள் நீண்ட கடிதத்திலும் இணைப்புகளிலும் சட்டத்துக்குத் தேவையான விஷயம் ஒன்றே ஒன்றுதான். 2016இல் நீங்கள் நல்லெண்ணத்தோடு, அதாவது திருட்டென்ற சந்தேகம் இல்லாமல், வாங்கினீர்களா, அதை உங்களால் மெய்ப்பிக்க முடியுமா என்பதே அது. ஏல நிறுவன ஊழியர் பேசிய விதம், பேத்தியின் அக்கறையின்மை, நீங்கள் வாங்கிப் போட்ட அமிலமற்ற உறைகளின் செலவு ஆகிய எதுவும் சொத்துரிமையைத் தீர்மானிக்காது. பகிரங்கச் சந்தையில் வாங்கியவருக்கு உரிமை வந்துவிடும் என்ற பழைய ஆங்கில விதியும் 1995 ஜனவரியில் நீங்கிவிட்டது.

கடிதம் எழுதப்பட்ட தாள், அதைப் பெற்றவருக்குச் சொந்தம். ஆகவே அது பணிப்பெண்ணிடமிருந்து அவருடைய வாரிசுகளுக்குச் செல்லும். திருடப்பட்ட பொருளை மீட்கும் உரிமை, திருடனைப் பொறுத்தவரை காலத்தால் அழிவதில்லை. ஆனால் அதை யாரேனும் நல்லெண்ணத்தோடு வாங்கினால், 1980ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி அன்றிலிருந்து ஆறு ஆண்டுகள் ஓடத் தொடங்கும். அவை முடிந்ததும் பழைய உரிமையாளரின் உரிமை அற்றுப்போகும். உங்கள் கணக்கில் அது 2022இலேயே முடிந்துவிட்டது. சட்டம் உங்களுக்குத் துணை நிற்பது இந்த ஓரிடத்தில்தான்.

இங்கேதான் உங்களைப் போன்ற கட்சிக்காரர்கள் விழுவதைப் பார்த்திருக்கிறேன். டயானாவின் முன்னாள் ஊழியர் பால் பரல் மீதான வழக்கு 2002இல் சரிந்ததைச் சுட்டிக்காட்டி, அரண்மனைப் பொருள்களைத் திருட்டென்று யாராலும் நிறுவ முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அது குற்றவியல் வழக்கு. நிரூபிக்கும் சுமை முழுவதும் அரசுத் தரப்பின் மேல் இருந்தது. சில பொருள்களைப் பாதுகாப்பாக வைத்திருப்பதாக பரல் தம்மிடம் முன்பே சொல்லியிருந்ததை எலிசபெத் அரசி நினைவுகூர்ந்ததும் அந்த வழக்கு நின்றது. உங்களுடையது உரிமையியல் வழக்கு. பொருள் திருடப்பட்டது என்று பேத்தி காட்டிவிட்டால், அதன் பிறகு நடந்த ஒவ்வொரு கைமாற்றமும் திருட்டோடு தொடர்புடையது என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். அந்த அனுமானத்தை உடைக்க வேண்டியவர் நீங்கள்.

அதற்கு உங்களிடம் இருப்பது என்ன? “பழைய கடிதங்கள், கலவை, ரொக்கம்” என்று பென்சிலால் எழுதிய அரைத் தாள். விற்றவரின் முகவரி அதில் இல்லை. இதைவிட மோசம், வாங்கிய மறுநாள் நண்பருக்கு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல். “இந்த விலைக்குக் கிடைக்கிறதென்றால் எங்கோ இடிக்கிறது, கேட்டால் கைவிட்டுப் போகும் என்று கேட்கவில்லை” என்று அதில் உங்கள் கைப்படவே எழுதியிருக்கிறீர்கள். கவனக்குறைவு நல்லெண்ணத்தைக் கெடுக்காது. சந்தேகம் எழுந்த பிறகும் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொள்வது கெடுத்துவிடும். வழக்கு என்று வந்தால் இந்த மின்னஞ்சலை எதிர்த்தரப்புக்கு நீங்களே வெளிப்படுத்தியாக வேண்டும். அதை அழித்துவிடலாம் என்ற எண்ணம் எழுந்தால் அந்தக் கணமே கைவிடுங்கள். நண்பரின் பெட்டியில் பிரதி இருக்கும், அழித்தது தெரிந்தால் நீங்கள் சொல்லும் எதையும் நீதிபதி நம்பமாட்டார். ஏல நிறுவனத்துக்குக் கோபமாக எழுதுவதையும் இன்றோடு நிறுத்துங்கள். இப்படிப்பட்ட வழக்குகள் பெரும்பாலும் பிரதிவாதி தாமே எழுதிவைத்த வரிகளால்தான் தோற்கின்றன.

பேரேடு தனிச் சிக்கல். கடிதம் பணிப்பெண்ணுக்கு எழுதப்பட்டது. பேரேடோ வேலையின் பொருட்டு எழுதப்பட்ட, முதலாளிக்குச் சொந்தமான ஆவணம். அதன் உள்ளட்டையில் அரண்மனை முத்திரை இருப்பது நீங்கள் அனுப்பிய படத்திலேயே தெளிவாகத் தெரிகிறது. இன்றுவரை யாரும் அதைக் கேட்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அது உங்கள் கையில் இருக்கும்வரை, “முத்திரையைப் பார்த்தும் விற்றவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையா?” என்று எதிர்த்தரப்பு கேட்கும், அந்தக் கேள்வி கடிதங்களின் மேலும் பாயும். சந்தேகம் வந்த பிறகு அதை விற்க முயன்றால், குற்றத்தால் கிடைத்த பொருளைக் கையாள்வதைத் தண்டிக்கும் 2002ஆம் ஆண்டின் குற்றவருவாய்ச் சட்டமும் உள்ளே வரும். அங்கே சந்தேகமே போதுமானது. ஆகவே பேரேட்டை வழக்கறிஞர் மூலம் விண்ட்சர் கோட்டையிலுள்ள அரச ஆவணக் காப்பகத்துக்கு அளிக்க முன்வாருங்கள்.

நியூயார்க் யோசனை உங்களைக் குற்றவாளியாக்கிவிடும். ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட கையெழுத்து ஆவணத்தை, அதன் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஏற்றுமதி உரிமம் இல்லாமல் பிரித்தானியாவை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. உரிமை தகராறில் இருக்கும்போது அந்த உரிமத்துக்கு எப்படி விண்ணப்பிப்பீர்கள்? இணையத்தில் வெளியிடுவதும் வேண்டாம். தாள் யாருடையதாக இருந்தாலும் எழுத்தின் பதிப்புரிமை எழுதியவரைச் சேர்ந்தது. மேரி அரசி மறைந்தது 1953இல் என்றாலும், இதுவரை அச்சேறாத கடிதங்களுக்கு அந்தப் பாதுகாப்பு 2039 இறுதிவரை நீடிக்கிறது. அந்த உரிமை இன்று யாரிடம் இருக்கிறதென்று அவருடைய உயிலில் தேடிப் பார்க்கவும் வழியில்லை. மேரி அரசியின் தம்பி பிரான்சிஸின் உயிலை 1911இல் முத்திரையிட்டதிலிருந்து, அரச குடும்பத்து உயில்களைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்காத வழக்கம் ஏற்பட்டுவிட்டது.

என் கருத்தைத் தயக்கமின்றிச் சொல்கிறேன்: சமாதானமாகப் போங்கள். மதிப்பு 10,000 பவுண்டைத் தாண்டுவதால், எதிர்த்தரப்பின் வழக்கறிஞர் செலவைப் பெரும்பாலும் சுமக்க வேண்டியிராத சிறுதொகை வழக்காக இது இராது. தோற்றால் உங்கள் செலவோடு அவர் செலவில் கணிசமான பங்கும் உங்கள் தலையில் விழும், வென்றாலும் உங்கள் செலவு முழுவதும் திரும்பி வராது. 1994ஆம் ஆண்டின் காவல்துறைப் பதிவில் இந்தக் கடிதங்கள் விவரிக்கப்பட்டுள்ளனவா, பாட்டியின் சொத்துக்குப் பேத்திதான் வாரிசா என்ற இரண்டுக்கும் முதலில் சான்று கேளுங்கள். இரண்டும் இருந்தால், வழக்கில் சான்றாகப் பயன்படுத்த முடியாத சமரசக் கடிதமாக உங்கள் வழக்கறிஞர் இதை முன்மொழியட்டும்: கடிதங்கள் இங்கேயே ஏலம் போகட்டும், செலவு போக மீதியை இருவரும் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அதை அவர் ஏற்காமல், நீங்கள் கொடுத்த 1,800 பவுண்டை மட்டும் தந்து கடிதங்களைக் கேட்டாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். எதுவானாலும், இனி உங்கள் மேல் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுத்தில் கையொப்பம் வாங்கிய பிறகே, கடிதங்களை விடுவிக்க ஏல நிறுவனத்துக்கு ஒப்புதல் கொடுங்கள்.