அருங்காட்சியகத்தில் கைகூப்பலாமா?

அன்புள்ள ஐயா,

கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதித் தொழில் செய்கிறேன். கண்காட்சிக்காக வருடம் இருமுறை டெல்லி போவேன். சென்ற முறை மனைவியையும் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளையும் அழைத்துப் போனேன். ஜன்பத் சாலையில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கி, ஓர் அறை விடாமல் பார்த்தோம். வெளியே வந்தபோது கால்வலிதான் மிச்சம். என்ன பார்த்தோம் என்று இரவு பேசியபோது மூவருக்கும் ஒன்றும் நினைவில்லை.

இன்னொன்று. செப்புத் திருமேனிகள் இருந்த அறையில் ஒரு நடராஜர் முன் என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி, மெல்லிய குரலில் தேவாரம் பாடினாள். பின்னால் நின்ற சில இளைஞர்கள் சிரித்தார்கள். மகளுக்கு அவமானமாகிவிட்டது. "இது கோயில் இல்லம்மா, மியூசியம்" என்றாள். எனக்கும் குழப்பம்தான். சாமியைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்ப்பது சரியா? அங்கே கும்பிடுவது தவறா? அடுத்த மாதம் மறுபடி போகிறோம். எதைப் பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட கரூர் வாசகர்)

*

அன்புள்ள நண்பருக்கு,

அந்த அறையில் அன்றைக்கு உருப்படியாக ஒன்றைப் பார்த்தவர் உங்கள் மனைவிதான். மூன்று மணி நேரத்தில் அவர் நின்ற இடம் அது ஒன்றுதான். உங்கள் கடிதத்திலும் மனதில் தங்கியதாக இருப்பது அந்த நடராஜர் மட்டுமே. மகளிடம் இதைச் சொல்லுங்கள்.

அந்த அருங்காட்சியகத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன. காட்சியில் இருப்பது அதில் ஒரு பகுதிதான். அதையும் முழுதாகப் பார்த்து முடித்தவர் யாரும் இருக்க முடியாது. நான் டெல்லியில் வேலை பார்த்த காலத்தில் அலுவலகம் பக்கத்திலேயே இருந்ததால், வெள்ளிக்கிழமை மதிய இடைவேளைகளில் அங்கே போவேன். அரை மணி நேரம், ஒரே ஒரு பொருள். பல வாரங்கள் மொகஞ்சதாரோவின் நடன மங்கையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

பாடப்புத்தகப் படத்தைப் பார்த்து அது பெரிய சிலை என்று நினைத்திருந்தேன். உயரம் பத்தரை சென்டிமீட்டர்தான் வரும், உள்ளங்கையில் அடங்கிவிடும். 1926இல் கிடைத்தது. இடது கையில் தோளிலிருந்து மணிக்கட்டு வரை வளையல்கள், வலது கையில் நான்கு மட்டும். வலது கை இடுப்பில். பாதங்கள் உடைந்து போய்விட்டன. மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோதான் அவள் முகவாய் சற்றே தூக்கியிருப்பது கண்ணில் பட்டது. அதைக் கண்டபின் அவள் ஆடுகிறாள் என்ற எண்ணமே போய்விட்டது. நடன மங்கை என்பது நாம் வைத்த பெயர். யாரோ ஏதோ சொல்ல, "அதனால் என்ன இப்போது?" என்று இடுப்பில் கை வைத்து நிற்கும் பெண்ணாகத்தான் எனக்குத் தெரிகிறாள். எங்கள் தெருவில் அப்படி நிற்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி நடராஜருக்கு வருகிறேன். உங்கள் மனைவி கைகூப்பியது திருவரங்குளத்து நடராஜராக இருக்கலாம். இல்லையென்றால் இம்முறை கேட்டு அவரைப் பாருங்கள். புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமேனி, 10ஆம் நூற்றாண்டு, சோழர் காலம். நாம் பழகிய, ஒரு காலைத் தூக்கி ஆடும் கோலம் இவருக்கு இல்லை. இரண்டு முழங்கால்களும் மடிந்து விரிந்த சதுர தாண்டவம். சிதம்பரத்திலேயே கண் பழகிய நமக்கு முதலில் ஏதோ குறைவது போலத் தோன்றும். கொஞ்ச நேரம் நின்றால் ஆட்டத்தின் விசை முழுவதும் அந்த மடிந்த முழங்கால்களில் திரண்டிருப்பது புரியும்.

கோயிலில் நாம் உற்சவரின் முகத்தைத்தான் பார்க்கிறோம். பட்டும் மாலையும் நகையும் மற்றதை மூடிவிடும். அதுதான் முறை, அலங்காரத்தோடு பார்ப்பதுதான் தரிசனம். ஆனால் ஸ்தபதி என்ன செய்தார் என்பது அந்தப் பட்டுக்குள் மறைந்திருக்கிறது. முதுகுத்தண்டின் குழிவு, தலைக்குப் பின்னால் சிரச்சக்கரம், தோளில் புரளும் சடைக்கற்றை, இடுப்பாடையின் மடிப்பு எல்லாம் அருங்காட்சியகத்தில்தான் நமக்குக் கிடைக்கின்றன. யாரும் பின்பக்கம் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் அவர் அங்கே கைவேலையைக் குறைக்கவில்லை. சுற்றிவர இடமிருக்கும் சிலைகளைக் கட்டாயம் சுற்றிப் பாருங்கள். உங்கள் மனைவிக்கு அது பிரதட்சிணமாகவும் இருக்கும். பீடத்தையும் கவனியுங்கள். பல திருமேனிகளின் பீடத்தில் துளைகளோ வளையங்களோ இருக்கும். கம்பு செருகித் தூக்கித் தெருவில் எழுந்தருளச் செய்ததற்கு அடையாளம் அவை. நடக்க முடியாத கிழவியும் வாசற்படியில் உட்கார்ந்தபடியே பார்க்க வேண்டும் என்பதற்காக வெளியே வந்த சாமி இது.

மகளுக்குச் சொல்ல ஒன்று. தேன்மெழுகில் குங்கிலியம் கலந்து முதலில் உருவத்தைச் செய்வார்கள். அதன்மேல் வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியபின் மண்ணை உடைத்துச் சிலையை எடுப்பார்கள். அச்சு உடைந்துவிடுவதால் அதே சிலையை இன்னொன்று செய்ய முடியாது. சுவாமிமலையில் இன்றும் இப்படித்தான் வார்க்கிறார்கள். மொகஞ்சதாரோ பெண்ணையும் மெழுகு வைத்துத்தான் வார்த்திருக்கிறார்கள். ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன்னால்! இரண்டும் ஒரே கட்டிடத்தில் இருக்கின்றன. ஒன்றைப் பார்த்த கண்ணோடு நேரே மற்றதிடம் போகச் சொல்லுங்கள்.

சாமியைக் கண்ணாடிக்குள் வைக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். வழிபாட்டில் இருந்த கோயிலிலிருந்து திருடப்பட்ட சாமி திரும்ப வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் திருட்டுப் போய், 2008இல் இன்னொரு தலைநகரான கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடத்தால் விலைக்கு வாங்கப்பட்டு, 2014இல்தான் இந்தியா திரும்பினார். ஊர்க்காரர்களுக்கு அது சிலை இல்லை, அவர்களுடைய சாமி. ஆனால் படையெடுப்புக் காலங்களில் மண்ணுக்குள் புதைத்து வைக்கப்பட்டு, புதைத்தவர்களும் இல்லாமல் போய், எந்தக் கோயிலுடையது என்ற தடமே அழிந்து, ஏர்முனையிலும் கடைக்காலிலும் தட்டுப்பட்ட திருமேனிகள் நம்மிடம் ஏராளம். அவற்றுக்கு அருங்காட்சியகம்தான் வீடு. அந்த வீட்டுக்கு வந்த ஒருவர் கைகூப்பினால் என்ன குறைந்துவிடும்? டெல்லி தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநராகவே இருந்த சி. சிவராமமூர்த்தி, நடராஜர் வடிவத்தை ஆராய்ந்து பெரிய நூலே எழுதிய தமிழர். அறிவும் பக்தியும் ஒரே ஆளிடம் சண்டையில்லாமல் இருக்க முடியும். சிரித்த பிள்ளைகளும் ஒரு நாள் அங்கே நின்று பார்க்கட்டும்.

அடுத்த நாள் இந்தியா கேட் பக்கம், ஜெய்ப்பூர் ஹவுஸில் உள்ள தேசிய நவீனக் கலைக்கூடம். அங்கே அம்ரிதா ஷெர்கில் ஓவியங்கள் போதும். 'மூன்று பெண்கள்' என்ற ஓவியத்தை 1935இல் வரைந்தபோது அவருக்கு வயது 22. மூவரும் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அதன் முன் மகளைத் தனியாக விட்டுவிட்டு நீங்கள் தள்ளிப் போய்விடுங்கள். எந்த விளக்கமும் சொல்ல வேண்டாம்.

உங்களுக்கென்று ஓர் இடம் உண்டு. பிரகதி மைதானத்தை ஒட்டி, கட்டிடக் கலைஞர் சார்லஸ் கொரியா வடிவமைத்த கைவினை அருங்காட்சியகம். அங்கே துணிகள் இருக்கும் பகுதியில் படோலா என்ற குஜராத்துப் பட்டுச் சேலையைத் தேடுங்கள். பாவு நூலையும் ஊடை நூலையும் நெய்வதற்கு முன்பே தனித்தனியாகக் கட்டிச் சாயம் ஏற்றி, தறியில் இரண்டும் இம்மி பிசகாமல் சந்தித்தால்தான் அந்தப் பூ பூவாக வரும். எனக்கு அது அழகான சேலை, அவ்வளவுதான். நூல் தெரிந்த உங்கள் கண் அதில் என்னவெல்லாம் பார்க்குமோ! அன்றைக்கு மனைவிக்கும் மகளுக்கும் நீங்கள் சொல்லிக்கொடுங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். தேசிய அருங்காட்சியகத்தின் ஹரப்பா பகுதியில் ஒரு கழுத்தணி இருக்கிறது. மொகஞ்சதாரோவில் கிடைத்தது. பிரிவினைக்குப் பின் பொருள்களைப் பங்கு போட்டபோது, மணிகளைக் கழற்றி அதையும் இரண்டாக்கிவிட்டார்கள். ஒரு பாதி இங்கே, மறுபாதி பாகிஸ்தானில். அதன் முன் நான் நின்ற நாளில் வேறெதையும் பார்க்க மனம் வரவில்லை, அலுவலகம் திரும்பிவிட்டேன்.

டெல்லியின் நார்த் பிளாக், சவுத் பிளாக் அரசுக் கட்டிடங்களில் புதிய அருங்காட்சியகம் அமைக்கப்போவதாக அரசு அறிவித்திருக்கிறது; பொருள்கள் இடம் மாறக்கூடும். அதனால் எது எந்த அறையில் இருக்கிறது, எந்த அறை திறந்திருக்கிறது என்று போனதும் கேட்டுக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், மூன்று இடங்களுக்கும் அன்று விடுமுறை. போய்வந்து எழுதுங்கள். இம்முறை மகளையும் நாலு வரி எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்.