‘ஏழு நாள் போதும்’ என்றார் டாக்டர்

கேள்வி: என் குதிரை போன மாதம் பந்தயத்தில் ஜெயித்தது. முன்னங்கால் வீக்கத்துக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த பியூட் (ஃபீனைல்பியூட்டசோன் என்ற வலி, வீக்க மருந்து) பொடியை ஓட்டத்துக்கு எட்டு நாள் முன்பே நிறுத்திவிட்டேன். ‘ஏழு நாள் போதும்’ என்று சொன்னதே அவர்தான். இப்போது சிறுநீரில் ஃபீனைல்பியூட்டசோன் இருக்கிறதாம். பரிசும் போய், லைசென்ஸையும் முடக்குவார்களாம். இதே ஸ்டூவர்டுகள் (பந்தயத்தை விசாரிக்கும் அதிகாரிகள்) எதிர் லாயத்துக்காரர் விஷயத்தில் கண்டும் காணாமல் விட்டவர்கள். சில நாடுகளில் ஓட்டத்தன்றே ஊசி போடுகிறார்களே! பிள்ளைபோல் வளர்த்த குதிரை, ஐயா. நீதி கிடைக்குமா?
— ஒரு பயிற்சியாளர்

உங்கள் கடிதத்தில் எதிர் லாயத்துக்காரரையும் இழுத்திருக்கிறீர்கள். விசாரணையில் அதை யாரும் கேட்கமாட்டார்கள். பிள்ளைபோல் வளர்த்ததையும்தான். ஓட்டத்தன்று ஊசி போடுவது வேறு கதை. நுரையீரலில் ரத்தம் கசிவதைத் தடுக்க ஃபுரோசமைடு ஊசியை, ஓட்டத்துக்கு நான்கு மணி நேரம் முன்புவரை, அமெரிக்காவில் பல ஓட்டங்களுக்கு அனுமதித்தார்கள். அதை வைத்து பியூட்டைக் காப்பாற்ற முடியாது.

கேட்கப்போவது ஒன்றுதான்: ஓட்டத்தன்று எடுத்த மாதிரியில் மருந்து இருந்ததா? யார் கொடுத்தார்கள், எதற்குக் கொடுத்தார்கள் என்பது தண்டனையின் அளவைப் பேசும்போதுதான் வரும். பரிசு போவது உங்களுக்கான தண்டனைகூட இல்லை. மருந்தோடு ஓடிய குதிரைக்கு அந்த வெற்றி நிற்காது, அவ்வளவுதான்.

அந்த ‘ஏழு நாள்’ எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஐரோப்பிய ஆய்வகங்கள் பியூட்டுக்கு வெளியிட்ட கண்டறியும் காலம் அது; அதாவது, கொடுத்த மருந்து பரிசோதனையில் தெரியாமல் போக ஆன காலம். குறிப்பிட்ட அளவு மருந்தை ஒரு சில குதிரைகளுக்குக் கொடுத்துப் பார்த்த கணக்கு. உங்கள் குதிரைக்கு எப்போது நிறுத்த வேண்டும் என்பதை, அதன் மேல் சில நாள் கூட்டி, டாக்டர்தான் முடிவுசெய்ய வேண்டும். இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள். போதாக்குறைக்கு, சிறுநீர் ஊறிய வைக்கோலைக் குதிரை தின்றால் வெளியே போன மருந்து திரும்ப உள்ளே வந்துவிடும். லாயத்தை எத்தனை நாளுக்கு ஒருமுறை கூட்டினீர்கள் என்ற கேள்விக்கும் தயாராக இருங்கள்.

சரி, இப்போது நான் உண்மையில் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். ஆய்வக அறிக்கை முழுதாகக் கைக்கு வருமுன் யாரிடமும் விளக்கம் சொல்லாதீர்கள். 2021-ல், அமெரிக்காவின் புகழ்பெற்ற பந்தயமான கென்டக்கி டெர்பியில் மெடினா ஸ்பிரிட் என்ற குதிரை முதலில் வந்தது. அதன் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 21 பிகோகிராம் பீட்டாமெத்தசோன் (வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து) இருந்தது. ஒரு பிகோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அந்த மருந்தைக் கொடுக்கவே இல்லை என்று பயிற்சியாளர் பாப் பாஃபர்ட் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். இரண்டே நாளில், தோல் அரிப்புக்குப் போட்ட களிம்பில் அது இருந்ததாகச் சொல்ல வேண்டி வந்தது. ஊசியல்ல, களிம்புதான் என்ற வாதம் எடுபடவில்லை. வெற்றி ரத்தானது. 2024 ஜனவரியில் உரிமையாளர் மேல்முறையீட்டைக் கைவிட்டார். முதல் பேச்சு இல்லாமல் களிம்பை மட்டும் சொல்லியிருந்தால் பரிசு தங்கியிருக்காது, மானமாவது கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

அடுத்தது சிகிச்சை நோட்டு. என் கட்சிக்காரர் ஒருவர் விசாரணைக்கு முந்தின இரவு உட்கார்ந்து விட்டுப்போன தேதிகளை எழுதிச் சேர்த்தார். மூன்று வாரப் பதிவும் ஒரே பேனா, ஒரே சாய்வு. வரிகளுக்கு நடுவே இருந்த டீக்கறை மேல் மை ஏறியிருந்தது. கறை முதலில், எழுத்து பிறகு! நோட்டை விளக்கில் தூக்கிப் பிடித்த அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்தார். வெறும் அபராதத்தோடு முடிந்திருக்க வேண்டிய வழக்கு, பொய்ப் பதிவுக் குற்றமாகி லைசென்ஸையே கொண்டுபோயிற்று. உங்கள் நோட்டில் இடைவெளி இருந்தால் இடைவெளியாகவே இருக்கட்டும்.

டாக்டர் மேல் பழி போடும் முன்னும் யோசியுங்கள். வாயால் சொன்னதை அவர் மறுக்கலாம். அவரும் தன் பதிவேட்டோடு வந்து, ‘பத்து நாள் என்றுதான் சொன்னேன்’ என்றால் என்ன செய்வீர்கள்? இருவரும் ஒரே வழக்கறிஞரை வைத்துக்கொள்ள வேண்டாம். எழுத்தில் ஏதாவது இருந்தால் அவர்மேல் நஷ்டஈடு வழக்கு பிறகு போடலாம்.

பி மாதிரி, அதாவது சீல் வைத்து ஒதுக்கிய இரண்டாம் பகுதியின் பரிசோதனை கேட்பது உங்கள் உரிமை. சீல் எண்ணிலோ கையெழுத்திலோ குளறுபடி இருந்தால் கேளுங்கள். வெறும் நம்பிக்கையில் கேட்டால் பணம்தான் செலவு.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: மருந்து இருந்ததை ஒப்புக்கொண்டு, தண்டனையைக் குறைக்க மட்டும் வாதாடுங்கள். 1968 கென்டக்கி டெர்பியில் டான்சர்ஸ் இமேஜ் குதிரைக்கும் இதே பியூட்தான் வினையானது. ஓட்டத்துக்கு ஆறு நாள் முன்பே கொடுத்தது என்றார் அதன் டாக்டர். உரிமையாளர் விடவில்லை. 1970-ல் கீழ்நீதிமன்றத்தில் ஜெயித்தார், 1972-ல் மேல்நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. அவரிடம் பணம் இருந்தது.

நோட்டு, மருந்துச் சீட்டு, மிச்சப் பொடி டப்பா மூன்றையும் இருக்கிறபடியே உங்கள் வழக்கறிஞரிடம் கொடுங்கள். டப்பாவைக் கழுவ வேண்டாம்.