டிலே பெடலும் மங்கிப்போகும் கிற்றார் ஒலியும்: கேள்வி பதில்

டிலே பெடலை, அதாவது எதிரொலி தரும் மிதிகருவியை, இணைத்த பிறகு கிற்றாரின் ஒலி கெட்டுவிட்டது என்று வன்னியின் பல ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். எல்லோரிடமும் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். ஒலி கெட்டுவிட்டது என்பதோடு நிறுத்தாமல், போனது கூர்மையா, கனமா, மொத்தச் சத்தமா என்று காதுகொடுத்துப் பிரித்தறியுங்கள். மூன்றுக்கும் காரணங்கள் வேறு வேறானவை.

கிளிநொச்சி வாசகர்: அண்ணா, பெடலை நிறுத்தி வைத்திருக்கும்போதுகூட என் மின்கிற்றாரின் கூர்மை குறைந்துவிடுகிறது. ஆறு மீற்றர் கேபிள் ஒன்றால் நேரே அம்பிளிபயரில் இணைத்தால் தெளிவாக இருக்கிறது. பெடலுக்கு முன்னும் பின்னும் அதே நீளக் கேபிள்களையே பாவிக்கிறேன். பெடல் பழுதா?

பதில்: பெரும்பாலும் பழுது இல்லை, தம்பி. கிற்றாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய கம்பிச்சுருள். அதன் தூண்டுதிறன் பொதுவாக 2 முதல் 4 ஹென்றி வரை இருக்கும். கேபிளோ, மீற்றருக்கு ஏறத்தாழ 100 பிக்கோபரட் கொள்ளளவம் உள்ள ஒரு நீண்ட கொள்ளளவி. இவை இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட மீடிறனில் பரிவுறுகின்றன. அந்த மீடிறனுக்கு மேலே உள்ளவை விரைவாகத் தேய்ந்துபோகும். 2.5 ஹென்றி பிக்கப்போடு ஆறு மீற்றர் கேபிள் சேர்ந்தால் பரிவு ஏறத்தாழ 4.1 கிலோஹேட்ஸில் நிற்கும். அதே பிக்கப்போடு பன்னிரண்டு மீற்றர் சேர்ந்தால் 2.9 கிலோஹேட்ஸுக்கு இறங்கிவிடும். நீங்கள் இழந்த பளபளப்பு அந்த இடைவெளியில்தான் இருந்தது.

ட்ரூ பைபாஸ் வகைப் பெடலை நிறுத்தும்போது, அது உங்கள் இரு கேபிள்களையும் நேரே தொடுத்து ஒரே பன்னிரண்டு மீற்றர் கேபிளாக்கிவிடுகிறது. இதை உறுதிசெய்ய, பெடலை நிறுத்திய நிலையில் அதன் மின்னிணைப்பையும் உள்ளே பற்றரி இருந்தால் அதையும் கழற்றிவிட்டு ஒரு தந்தியைத் தட்டுங்கள். சத்தம் அறவே வராவிட்டால் உள்ளே பஃபர், அதாவது கேபிளின் சுமை பிக்கப்பைத் தாக்காமல் தடுக்கும் சிறு சுற்று, உண்டு. சத்தம் வந்தால் இல்லை. அடுத்து, இரு பக்கமும் மிகக் குட்டையான கேபிள்களைப் போட்டுப் பாருங்கள். கூர்மை திரும்பி வந்தால் குற்றம் நீளத்தினுடையது. அப்போதும் மங்கலாகவே இருந்தால், பழைய பெடல்கள் சிலவற்றில் உள்ளதுபோல, நிறுத்திய பின்னும் உள்ளீடு சுற்றோடு ஒட்டிக்கொண்டு பிக்கப்பின் சமிக்ஞையை இழுக்கிறது என்று கொள்ளலாம். அதற்கு ஒன்பது கால் உள்ள மிதிசுவிற்சை மாற்றிப் பொருத்துவதே சரியான வழி.

நீளம்தான் காரணம் என்றால், கிற்றாருக்கு அடுத்ததாக ஒரு பஃபரை வையுங்கள். உள்ளீட்டுத் தடை ஒரு மெகா ஓம், வெளியீட்டுத் தடை ஒரு கிலோ ஓம் என்ற அளவில் இருந்தால், அதன் பின்னே வரும் கேபிளின் கொள்ளளவம் காதுக்குத் தெரியும் அளவுக்கு எதையும் தின்னாது. ஒலியைக் கரகரப்பாக்கும் பழைய வகை ஃபஸ் பெடல் வைத்திருப்பவர்கள் மட்டும் அதை பஃபருக்கு முன்னே வைக்க வேண்டும். அது பிக்கப்போடு நேரடியாகச் சேர்ந்தால்தான் நன்றாகப் பேசும். ட்ரூ பைபாஸ் என்றாலே உயர்தரம் என்று விளம்பரங்கள் பழக்கிவிட்டன. நீண்ட கேபிள் பாவிப்பவருக்கு நல்ல பஃபரே நன்மை செய்யும் என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

வவுனியா வாசகர்: விலை கூடிய கேபிள் வாங்கினால் இது தீருமா?

பதில்: முதலில் நீளத்தைக் குறையுங்கள். வாங்குவதானால் விலையைப் பார்க்காமல், மீற்றருக்கு எத்தனை பிக்கோபரட் என்று கேட்டு, குறைந்ததை வாங்குங்கள்.

மாங்குளம் வாசகர்: என்னுடையது அனலொக் டிலே. நேரத்தைக் கூட்டக் கூட எதிரொலி இருண்டுகொண்டே போகிறது. நேரடி ஒலியில் குறை இல்லை.

பதில்: அப்படியானால் அது பழுதல்ல, அந்தச் சுற்றின் இயல்பு. 1969 இல் பிலிப்ஸ் ஆய்வுகூடத்தில் சாங்ஸ்டர், டேர் என்ற இருவர் உருவாக்கிய முறையில், சமிக்ஞை ஒரு கொள்ளளவியிலிருந்து அடுத்ததற்கு, கடிகாரத் துடிப்புக்கேற்பக் கைமாறிச் செல்கிறது. எம்.என்.3005 சிப்பில் இப்படி 4096 படிகள் உள்ளன. கடிகாரத்தை 10 கிலோஹேட்ஸுக்கு இறக்கினால் ஏறத்தாழ 205 மில்லிசெக்கன் தாமதம் கிடைக்கும். ஆனால் கடிகாரத்தின் பாதி மீடிறனுக்கு மேலே உள்ள எதையும் உள்ளே விடக்கூடாது. விட்டால் அது வேறு சுருதியாகத் திரிந்து ஒலிக்கும். அதனால் வடிப்பான்கள் கூர்மையை வெட்டுகின்றன. எனக்கு அந்த இருள் பிடிக்கும். எதிரொலி பாடகரின் குரலை மறைக்காமல் பின்னால் ஒதுங்கி நிற்கிறது. உள்ளே உள்ள சிறு திருகிகளைத் தயவுசெய்து தொடாதீர்கள். தொட்டே ஆகவேண்டுமானால், பழைய நிலையைப் பேனாவால் குறித்துவிட்டுத் தொடுங்கள்.

புதுக்குடியிருப்பு வாசகி: தேவாலயப் பாடகர் குழுவில் பெட்டிக் கிற்றார் வாசிக்கிறேன். அதில் பீசோ பிக்கப் மட்டும் பொருத்தியிருக்கிறோம், பற்றரி இல்லை. டிலே பெடல் வழியாக மிக்சருக்குப் போகும்போது கனமே இல்லாமல் மெலிந்து ஒலிக்கிறது.

பதில்: தங்கச்சி, உங்களுடையது முதற் கேள்விக்கு நேர்மாறான சிக்கல். காந்தப் பிக்கப் கூர்மையை இழக்கும் இடத்தில், அதிர்வின் அழுத்தத்தை மின்னாக்கும் பீசோ கனத்தை இழக்கும். ஏனென்றால் அது தானே ஒரு சிறு கொள்ளளவிபோல் நடந்துகொள்கிறது. அதன் கொள்ளளவம் ஒரு நனோபரட் என்று வைத்தால், ஒரு மெகா ஓம் உள்ளீட்டுத் தடையுள்ள பெடலில் ஏறத்தாழ 160 ஹேட்ஸுக்குக் கீழே ஒலி தேயத் தொடங்கும். உங்கள் ஆறாம் தந்தியோ 82 ஹேட்ஸில் ஒலிக்கிறது. கிற்றாருக்கும் பெடலுக்கும் இடையில் ஐந்து முதல் பத்து மெகா ஓம் உள்ளீட்டுத் தடையுள்ள முன்விரியலாக்கி (ப்ரீஅம்ப்) ஒன்றைப் போடுங்கள். மிக்சரில் பேஸைத் திருகி ஈடுகட்ட முயன்றால் மேடையின் அதிர்வும் சேர்ந்தே பெருகும்.

ஒட்டுசுட்டான் வாசகர்: திருவிழாக் கச்சேரியில் ஜெனரேற்றரில் வாசித்தபோது எதிரொலி உடைந்து உடைந்து வந்தது, சத்தமும் குறைந்தது. வீட்டில் சரியாக இருக்கிறது.

பதில்: பெடல் வேலைசெய்துகொண்டிருக்கும்போதே அடப்ரரின் வோல்ற்றளவைப் பல்மானியால் அளந்து பாருங்கள், பெடலை இணைக்காமல் வெறுமனே அளந்தால் ஒன்பது காட்டும், ஏமாந்துவிடுவீர்கள். எதிரொலியை உண்டாக்கும் பி.ரி.2399 சிப் உள்ள பெடல்களில் அதற்கு வேண்டிய 5 வோல்ற்றை ஒரு சீராக்கி தருகிறது. அந்தச் சீராக்கிக்கு ஏறத்தாழ 7 வோல்ற்றாவது வந்து சேரவேண்டும். குறைந்தால் முதலில் உடைவது எதிரொலிதான். பல பெடல்களை ஒரே அடப்ரரில் மாட்டியிருந்தால், டிலேக்கு மட்டும் தனியாக ஒன்று கொடுங்கள். அதற்காக 12 வோல்ற் அடப்ரரை மாட்டிவிடாதீர்கள். நடுமுனை மறையா நேரா என்பதையும் பெடலின் மேல் உள்ள குறியோடு ஒப்பிடுங்கள்.

முல்லைத்தீவு வாசகர்: கடற்கரையோரம் வீடு. செருகியை அசைத்தால் ஒலி வந்து வந்து போகிறது.

பதில்: உப்புக்காற்றில் சோக்கெற்றின் தொடுமுனை கறுத்திருக்கும். கொண்டாக்ற் கிளீனர் அடித்து, செருகியைப் பல தடவை செருகி எடுங்கள். உப்புத்தாளால் தேய்த்தால் மேற்பூச்சு போய் இன்னும் விரைவாகக் கறுக்கும்.

மல்லாவி வாசகர்: பதினைந்து வருடப் பழைய பெடல். இயக்கினால் மட்டும் கனம் குறைகிறது. நிறுத்தினால் திரும்பி வருகிறது.

பதில்: எதிரொலியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸ் திருகியை முழுதும் குறைத்துப் பாருங்கள். அப்போதும் மெலிவாக இருந்தால், சமிக்ஞை போகும் வழியிலுள்ள மின்பகு கொள்ளளவி உலர்ந்திருக்கலாம். எங்கள் வெக்கையில் இது சீக்கிரம் நடக்கும். ஒரு மைக்ரோபரட், பத்து கிலோ ஓம் தடையோடு சேரும்போது 16 ஹேட்ஸ் வரை கனத்தை விடும். அதன் கொள்ளளவம் பத்திலொன்றாகச் சுருங்கினால் எல்லை 160 ஹேட்ஸுக்கு ஏறிவிடும். அதே பெறுமதியில், 25 வோல்ற் தாங்கக்கூடியதை வாங்கி, மறைமுனைக் கோட்டைப் பழையது நின்ற பக்கமே வைத்துப் பற்றவையுங்கள். மூடியைப் பூட்டுமுன் ஆறாம் தந்தியைத் தட்டி, பெடலை இயக்கியும் நிறுத்தியும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.