சந்தையில் பெயர் தெரியாத பழங்களையும் மரக்கறிகளையும் எப்படி நம்பி வாங்குவது?

நீங்கள் மட்டக்களப்புக்கு மாற்றலாகி வந்தவராக இருக்க வேண்டும். வெட்கப்படாமல் விற்கிறவரிடமே கேளுங்கள். இதே ஊரில் வளர்ந்த நானே முப்பது வயதுக்குப் பிறகுதான் பாலைப்பழத்தைக் கையில் எடுத்தேன்.

நான் வளர்ந்தது மட்டக்களப்பு வாவியின் கடற்கரைப் பக்கமான எழுவான்கரையில். அம்மாவின் ஊர் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை. ஒரு ஆனி மாதம் இருவருமாகச் சந்தைக்குப் போனோம். வெளியே தெருவோரம் வயதான ஒருவர் சாக்கை விரித்து, சின்னச் சின்ன மஞ்சள் பழங்களைக் குவித்து, பேணியால் அளந்து விற்றுக்கொண்டிருந்தார். வேப்பம்பழம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் அம்மா அந்தச் சாக்குக்கு முன்னால் குந்தியிருக்கிறார்.

"எந்தப் பக்கத்துப் பழம்?"

"கொக்கட்டிச்சோலைக்கு அங்கால, காட்டுப் பக்கம் மனே."

1990 ஆனியில் சண்டை தொடங்கி ஊரை விட்டு ஓடிவந்தபோது, வீட்டுத் திண்ணையில் ஒரு கடகம் பாலைப்பழம் இருந்ததாம். நான் அப்போது கைக்குழந்தை. அதன்பின் காட்டுப் பக்கம் யாரும் போக முடியாத வருடங்கள். அம்மாவும் அந்தப் பழத்தைப் பற்றி எங்களிடம் பேசியதே இல்லை. அன்று இரண்டு பேணி வாங்கினார். நல்ல இனிப்பு. ஆனால் பால் உதட்டில் பசைபோல ஒட்டும். "ஒட்டினா தேங்காயெண்ணெய் பூசுங்க மகள்" என்று விற்றவரே சொல்லி அனுப்பினார்.

காட்டுப் பழத்தைத் தின்னச் சொல்கிறாயா என்று யாராவது சண்டைக்கு வரலாம். நீங்களே காட்டில் பறித்துத் தின்னுங்கள் என்று நான் சொல்லவில்லை. சிறுவயதிலிருந்து தின்று பழகியவர்களிடம் வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். இது மட்டக்களப்புக்கு மட்டும் உரியது என்றும் சொல்லவில்லை, வன்னியிலும் பாலை நிறைய உண்டு.

என் மனதை வருத்துகிற விசயம் வேறு. மரத்தில் ஏறிப் பறிக்கப் பொறுமை இல்லாமல், கிளையையே வெட்டி விழுத்திப் பழம் உதிர்க்கிறார்கள் சிலர். பாலை மிக மெதுவாக வளரும் மரம். வைரமான மரம் என்பதால் பலகைக்கும் வெட்டுகிறார்கள். தெருவோரத்தில் இருந்து விற்கும் பெண்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் கைக்கு வருவதற்கு முன்பே கிளை விழுந்துவிடுகிறது. இப்படியே வெட்டினால் என் பிள்ளைக்கு அந்தப் பேணியும் இருக்காது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அன்றிலிருந்து சந்தைக்குப் போனால் தெரியாத ஒன்றாவது வாங்குவேன். வீரப்பழம் அப்படித்தான் தெரிந்தது, சிவப்பாக இருக்கும். மாரியில் தும்பங்காய் வரும். முள்ளு முள்ளாக இருப்பதைப் பார்த்துப் பாகற்காய் என்று வேண்டாம் என்றேன். "அந்தளவு கசக்காது, பால் விட்டுச் சமைச்சுப் பாருங்க" என்றார் விற்றவர். இப்போது எங்கள் வீட்டில் அந்தக் கறிக்குத்தான் சட்டி காலியாகும்.

காலையிலேயே போங்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு வாவியைக் கடக்கப் பாதைக்கு, அதாவது மிதவைக்கு, காத்து நிற்கும் வேலை இல்லை, படுவான்கரையிலிருந்து நேரத்தோடே வந்துவிடுவார்கள். பெயர் என்ன, எப்படித் தின்பது, எத்தனை நாள் இருக்கும் என்று கேளுங்கள். அளப்பதற்கு முன் ஒன்றை எடுத்து உங்களிடம் நீட்டுவார்கள். வாங்கித் தின்னுங்கள்.