கலிபோர்னியாவில் வாட்டர் சாஃப்ட்னர் பொருத்தும் தொழில் தொடங்க லைசென்ஸ் வாங்குவது எப்படி? பரீட்சை கஷ்டமா?

பிளம்பிங் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பதாகவும், அடுத்து சொந்தமாக சாஃப்ட்னர் (கடின நீரை மென்னீராக்கும் கருவி), ஆர்.ஓ. பொருத்தும் தொழில் செய்ய விருப்பம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த லைசென்ஸில்தான் பிழைக்கிறேன். பரீட்சையைப் பற்றி இப்போதே கவலை வேண்டாம். பெரும்பாலானவர்களின் விண்ணப்பம் இழுபடுவது அதற்கு முன்னால், அனுபவச் சான்றில்.

நீங்கள் கேட்பது சி-55 என்ற லைசென்ஸ் பிரிவு. மாநில ஒப்பந்தக்காரர் உரிம வாரியம் தருகிறது, சி.எஸ்.எல்.பி. என்றால்தான் இங்கே எல்லோருக்கும் தெரியும். கடந்த 10 வருடங்களுக்குள் 4 வருட வேலை அனுபவம் கேட்பார்கள். யாரும் பக்கத்தில் நின்று சொல்லித்தராமல் வேலையைத் தானே முடிக்கும் ஆளாக இருந்த காலம் மட்டும்தான் சேரும். கருவிப் பெட்டி தூக்கிய காலம் சேராது. படிப்புக்கும் முறையான தொழிற்பயிற்சிக்கும் 3 வருடம் வரை கழிவு உண்டு.

அந்த அனுபவத்துக்கு, உங்கள் வேலையை நேரில் பார்த்த ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். முதலாளிதான் என்றில்லை, கூட வேலை பார்த்தவர், மேற்பார்வையாளர், இன்னொரு கான்ட்ராக்டர் யாரும் போடலாம். பொய் சொன்னால் சட்டப்படி குற்றம் என்று தெரிந்து போடும் கையெழுத்து அது. தனக்கே போட்டியாகக் கடை விரிக்கப் போகிறவனுக்கு எந்த முதலாளி சந்தோஷமாகப் போடுவார்? அதனால் உறவு சுமுகமாக இருக்கும்போதே பேசி வையுங்கள். வாரியம் ஆதாரமும் கேட்கலாம், சம்பளச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

மற்றதெல்லாம் நடைமுறை. விண்ணப்பக் கட்டணம் 450 டாலர், தனி உரிமையாளர் என்றால் முதல் லைசென்ஸுக்கு 200. கைரேகை எடுப்பார்கள். பரீட்சையில் சட்டமும் வியாபாரமும் ஒரு தாள், தொழில் ஒரு தாள். 2023 முதல் பாண்ட், அதாவது உங்களால் நஷ்டப்பட்டவருக்கு ஈடு கிடைக்க நீங்கள் எடுக்கும் உத்தரவாதப் பத்திரம், 25,000 டாலர்; பயப்படாதீர்கள், அது நீங்கள் கட்டும் பணம் இல்லை, ஆண்டுக்கொரு பிரீமியம்தான் உங்கள் பாடு.

லைசென்ஸ் வரும்வரை சின்னச் சின்ன வேலை பார்க்கலாமே என்று தோன்றும். 2025 முதல் அதற்கான வரம்பு 500-லிருந்து 1,000 டாலராக உயர்ந்திருக்கிறது. ஆனால் பொருள், கூலி எல்லாம் சேர்த்து அந்தத் தொகை. கூட ஆள் வைக்கக்கூடாது, பெர்மிட் தேவைப்படும் வேலையாக இருக்கக்கூடாது. பெரிய வேலையை இரண்டு பில்லாக உடைப்பதும் செல்லாது. மீறினால் அபராதம், ஆறு மாதம் வரை சிறை. அதைவிட வலிப்பது வேறு: வாடிக்கையாளர் பணம் தராவிட்டால் நீங்கள் வழக்குப் போட முடியாது. கொடுத்த பணம் முழுவதையும் அவர் திரும்பக் கேட்கலாம், வேலை சுத்தமாக இருந்தாலும்.

அப்புறம் ஒரு விஷயம், சி-55 குறுகிய லைசென்ஸ். கருவியைத் தண்ணீர்க் குழாயோடு இணைக்கவும், தோட்டக் குழாய் போல மென்னீர் தேவையில்லாத இடங்களுக்கு பைபாஸ் போடவும் எவ்வளவு குழாய் வேண்டுமோ அவ்வளவுதான் தொடலாம். வீட்டுக்காரர் "வந்ததுதான் வந்தீர்கள், இந்தப் பழைய லைனையும் மாற்றிவிடுங்கள்" என்றால் கையை எடுத்துவிட வேண்டியதுதான். உங்கள் 4 வருடமும் பிளம்பிங்கில் என்றால் சி-36, அதாவது பிளம்பிங் லைசென்ஸுக்கு, விண்ணப்பம் போடுவதே மேல் என்பேன். நீர் பதப்படுத்தும் கருவிகள் அந்தப் பிரிவிலும் வருகின்றன.

எதை எடுத்தாலும், எந்த ஊரில் விற்கிறோம் என்று பாருங்கள். உப்பு போட்டுத் தானே கழுவிக்கொள்ளும் சாஃப்ட்னர்களுக்கு, லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடக்கே உள்ள சாண்டா கிளாரிட்டா பள்ளத்தாக்கில் தடை. 2008-ல் மக்களே வாக்களித்து, வீடுகளில் ஏற்கெனவே இருந்தவற்றையும் கழற்ற வைத்தார்கள். கழிவுநீரில் போகும் உப்பின் குளோரைடு ஆற்றில் சேர்ந்து, ஆற்றின் கீழ்ப்பகுதியில் அவகாடோவும் ஸ்ட்ராபெரியும் பயிரிடுகிறவர்களைப் பாதிக்கிறது என்பது காரணம். அங்கே சாஃப்ட்னர் தொட்டியை மாற்றிக் கொடுத்து, பழையதை வெளியே கொண்டுபோய்க் கழுவும் சேவைதான் நடக்கும். அதற்கு வண்டியும் கிடங்கும் வேண்டும், முதலீட்டுக் கணக்கே மாறிவிடும்.